அறுபது சத்தம்

ஒன்பதாவது தடவையாக ஆடு சமையல்காரரை முட்டியது. சமையல்காரர் அண்டாவோடு குப்புற விழுந்தார். விழுந்தபோது என்ன சத்தம் வந்திருக்கும் என்பதுதான் ஐயாவுக்குத் தெரியவில்லை.

பென்சிலைக் காதில் செருகினார். எடுத்து மூக்கைச் சொறிந்தார். மறுபடி காதில் செருகினார். சத்தம் எதுவும் உதிக்கவில்லை. காதுதான் வலித்தது.

"காளி, ஒரு தேத்தண்ணி போடு."

காளியம்மா போட்டாள். அவள் அடுப்பு மூட்டுவதும் தெரியாது, ஆற்றுவதும் தெரியாது. கண்ணாடி கிளாஸ் மேசையில் வந்து உட்காரும். அவ்வளவுதான். பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பெண் பார்க்கப் போன அன்று ஐயாவு வாசலில் கொஞ்சம் தயங்கினார். ஆறு வருஷமாகியும் அவள் குரல் பக்கத்து அறையை எட்டியதில்லை. சில சாயங்காலங்களில், வீட்டில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"என்னங்க அது?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆபீஸ் வேலை."

ஆடு முட்டுவதை ஆபீஸ் வேலை என்று சொன்ன மனிதர் ஈப்போவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் பொய்யில்லை. லகாட் சாலையில் ஆமைச் சின்னம் போட்ட சுவிங்கம் செய்யும் தொழிற்சாலையில், காகிதப் பிரிவில், ஆறு வருஷமாக நாள்சம்பளத்துக்கு இருந்தார் ஐயாவு. அந்தச் சுவிங்கத்தைச் சுற்றியிருக்கும் காகிதத்தின் உள்பக்கத்தில் நாலு கட்டத்தில் ஒரு படக்கதை இருக்கும். ஒரு குண்டுச் சமையல்காரர், ஒரு ஆடு. முதல் கட்டத்தில் ஆடு பார்க்கும். இரண்டாவதில் யோசிக்கும். மூன்றாவதில் ஓடி வரும். நாலாவதில் முள்முள்ளாக ஒரு வெள்ளை வட்டம். அதற்குள் சத்தத்தை எழுத வேண்டும். பேச்சு கிடையாது. கதையே அந்தச் சத்தம்தான்.

மலாய்க்கு ஒருவர், சீனத்துக்கு ஒருவர். தமிழுக்கு முன்பு இருந்தவர் இருபத்து நாலு காகிதத்திலும் 'டமார்' என்று எழுதிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். செமோர்ப் பக்கத்துத் தோட்டக் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. ஒரு காகிதத்தைப் பிரித்தவர்கள் இரண்டாவதைப் பிரிக்கத் தயாராக இல்லை. அந்த வேலைதான் இப்போது ஐயாவு கைக்கு வந்திருந்தது.

தவுக்கே லியோங் முதலாளி மட்டுமல்ல, ரோஷக்காரரும்கூட. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கண் நன்றாகத் தெரியும். அச்சான காகிதங்களையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டார். ஐயாவு புதிதாகக் கொண்டுவரும் ஒவ்வொரு சத்தத்தையும் பூதக்கண்ணாடி பிடித்து, கொம்புக்குக் கொம்பு, சுழிக்குச் சுழி, பழைய காகிதங்களோடு வைத்துப் பார்ப்பார். ஒரே உருவம் இரண்டாவது முறை தென்பட்டால் மேசையைத் தட்டுவார்.

"இனி சுடா அடா லா!"

இது ஏற்கனவே வந்துவிட்டது, அதாவது வேறு கொண்டு வா.

தீபாவளிச் சரக்குக்கு அறுபது சத்தம் வேண்டும். ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது. அறுபதும் ஒழுங்காக வந்தால் ஐயாவுக்கு வேலை நிரந்தரம். டமாரைத்தான் முன்னவரே தீர்த்துவிட்டார். படார், தடால், தொபுக், சளக், மடேர், பொளேர், சடார், தொம் என்று தன் கையிருப்பு எட்டையும் ஐயாவு ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டார். தமிழ் கடல் போன்றது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடல் எட்டாவது சத்தத்தில் வற்றும் என்று யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அன்று காளியம்மாவிடம் புலம்பினார். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டா கவுந்தா, மொதல்ல ஒரு 'ணங்'கு வரும். அப்புறம் அது உருண்டு..."

ஐயாவு சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்புதான்.

"இது எழுத்து வேலை காளி. ஒனக்கெங்க வரப்போவுது? நீ போய் சோத்தப் பாரு."

காளியம்மா போய்ச் சோற்றைப் பார்த்தாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். அடுப்படியில் ஒரு மூடி விழுந்தது.

*டணங்... கிண்கிண்கிண்... ங்ங்ண்!*

ஐயாவு துள்ளி எழுந்தார். துள்ளிய வேகத்தில் பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது. வெள்ளை வட்டம் கச்சிதமாக நிரம்பியது. மறுநாள் தவுக்கே கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்திவிட்டு, "பாகுஸ்!" என்றார். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'நல்லது' அது.

அன்று சாயங்காலம் பத்தாவது படத்தோடு ஐயாவு உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து ஒரு செம்பு புறப்பட்டு, மூன்று படிகளிலும் இறங்கி, குளியலறைக் கதவில் போய் முட்டியது.

*கிணுக் கிணுக் கிணுக் ட்டொய்ங்!*

எழுதிக்கொண்டார். எழுதிய பிறகுதான் யோசித்தார். ஆறு வருஷமாகக் கையிலிருந்து ஒரு கரண்டியைக்கூட நழுவவிடாதவள், இரண்டு நாளில் இரண்டு சாமானைப் போட்டிருக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

கோபம்.

யார் மேல்? வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

எதற்கு? அதுதான் சிக்கல். ஐயாவு மனசுக்குள் தேடிப் பார்த்தார். காரணம் கிடைக்காமல் இல்லை. நிறையக் கிடைத்தது.

அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"காளி, அந்தக் கொட விஷயம்தானே?"

"எந்தக் கொட?"

"காத்துல பறந்துருச்சுன்னு சொன்னேன்ல. பறக்கல. பஸ்ஸுலதான் மறந்து வெச்சுட்டு வந்தேன்."

காளியம்மா அவரைப் பார்த்தாள். "புதுக் கொட," என்றாள்.

"ஆமா."

அவ்வளவுதான். மறுநாள் ஒரு வாணலி விழுந்தது. *குவாங்ங்!* அருமையான சத்தம். ஐயாவு அதை எழுதிக்கொண்டே எழுந்து போனார். ஒரு கையில் பென்சில், மறு கையில் மன்னிப்பு.

"வெள்ளிக்கெழமை நானும் சைவம்னு சொன்னேனே..."

"ஆமா."

"தொழிற்சாலைக்கு எதுக்கால உள்ள கடையில ஆட்டுக்கறி சாப்பிட்டேன். ஒரே ஒரு வாட்டி." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாசத்துக்கு."

"பல்லு வெளக்கிட்டா வீட்டுக்கு வந்தீங்க?"

"வெளக்கல."

"நெனச்சேன்," என்றாள் காளியம்மா.

இப்படியாக அந்த வீட்டில் சாமான்கள் விழ விழ உண்மைகளும் விழுந்தன. ஒரு போலீஸ் ஸ்டேஷனில் அடித்துக் கேட்டாலும் ஒரு மனிதன் இவ்வளவு ஒப்புக்கொள்ள மாட்டான். பதினெட்டாவது சத்தம் ஒரு நாலடுக்குச் சாப்பாட்டுக் கேரியர், *டக் டிக் டொக் டணால்!* அன்றுதான் ஐயாவு எல்லை மீறினார்.

"சரி, சொல்லிர்றேன். ஒங்கண்ணன் அர்ச்சுனன் காம்பாருலருந்து கடுதாசி போட்டிருந்தாரு. புது வீட்டுக்கு வரச் சொல்லி. நாந்தான் ஒங்கிட்டக் குடுக்கல."

"எப்ப?"

"பங்குனியில. அவரு வீட்டுக்குப் போனா விடிய விடியப் பாடுவாரு காளி. என்னால முடியாது."

காளியம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் ஒன்றுமே விழவில்லை. அப்பாடா, ஒருவழியாகக் கோபம் தணிந்தது என்று ஐயாவு நிம்மதியாகத் தூங்கினார். மனைவியைப் பற்றி ஒரு கணவனுக்கு இருக்கும் ஞானம் பெரும்பாலும் இந்த அளவுதான்.

மூன்றாம் நாள் ஐயாவு பத்தொன்பதாவது படத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். காளியம்மா வாசலில் நின்று அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். உள்ளே போனாள்.

*ஜலஜலஜலப் பளார்!*

அவர்கள் இருந்தது பலகை வீடு. சுவருக்கு அந்தப்பக்கம் கருப்பம்மாள் அக்கா. பலகையில் ஒரு முடிச்சு விழுந்த ஓட்டை உண்டு. அக்காவின் கண்ணும் வாயும் அதில் முறை வைத்து வரும். அன்று வாய் வந்தது.

"டேய் ஐயாவு, என்னடா பண்ணுன அந்தப் புள்ளய?"

"ஒண்ணும் பண்ணல லா அக்கா."

"ஒண்ணும் பண்ணாமயா ஒரு அடுக்குத் தட்டு கீழ வருது? மூணு நாளைக்கி முன்ன ஒண்ணு விழுந்துச்சே, கேரியரா?"

"கேரியர்தான்."

"அது நல்லா இருந்துச்சு," என்றது ஓட்டை.

காகிதங்கள் அச்சாகிக் கடைக்கு வந்ததும் நிலைமை மோசமாயிற்று. கருப்பம்மாள் அக்கா ஒரு சுவிங்கத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, தெருவில் நின்று கத்தினாள்.

"ஏய், இது காளியம்மா செம்புடி! படியில உருண்டுச்சே, அதே செம்பு! டேய் ஐயாவு, பொண்டாட்டி கோவத்த வித்துப் பொழைக்கிறியாடா?"

ஐயாவுக்கு அது சுருக்கென்றது. ஏனென்றால் உண்மை. அன்று நோட்டை எண்ணிப் பார்த்தார். முப்பத்தெட்டு சத்தம். முதல் எட்டைக் கழித்தால் முப்பதும் காளியம்மாவின் ஆத்திரம். அவள் அழாத அழுகை. அதன்மேல் ஏறி நின்றுதான் தனக்கு நிரந்தர வேலை வரப்போகிறது. நாலாவது கட்டத்தில் விழும் சமையல்காரரை முதல்முறையாகக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார். அந்த மனிதருக்கு வலிக்கும்போது வலி மட்டும்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாயங்காலங்களில் காளியம்மாவின் தாடை அசைந்துகொண்டே இருந்தது. இவர் பார்த்தால் நின்றுவிடும். திரும்பினால் மறுபடி அசையும். பல்லைக் கடிக்கிறாள்! நாள் பூராவும் கடிக்கிறாள்!

இனிமேல் அவளுக்குக் கோபமே வரக் கூடாது என்று ஐயாவு முடிவு செய்தார். சத்தம் போனால் போகட்டும்.

மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அவள் வைத்துக்கொண்டு, முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் முறுக்குப் பிழியும் உரலைக் கீழே போட்டாள். *ணொங்!* துணி துவைத்துக் காயப்போட்டார். காளியம்மா, "நல்லா புழிஞ்சிருக்கீங்க," என்றாள். கையோடு ஒரு குண்டானை விட்டாள். ஒருநாள் பாத்திரம் கழுவ உட்கார்ந்தார். அவள் ஓடி வந்து பிடுங்கினாள்.

"விடுங்க, அது என் வேல."

"நான் கழுவுறேன் காளி."

"ஒங்களுக்கு வராது," என்றாள். அந்தச் சொல் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது அவருக்கு.

பிடுங்கிய சட்டியின் அடியில் 'மு.கௌ.' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். கல்யாணத்துக்குச் சீர் கொடுப்பவர்கள் பாத்திரத்தில் தங்கள் பெயரை வெட்டிக் கொடுப்பது வழக்கம்தானே. முத்துக்கௌரி என்று அவளுக்கு ஒரு அத்தை இருந்திருக்க வேண்டும். அடுத்த சட்டியைப் புரட்டினார். மு.கௌ. அதற்கடுத்தது. மு.கௌ. தாராளமான அத்தை. தன் வீட்டில் மொத்தம் எத்தனை சட்டி, அவை எப்போது வந்தவை, எப்போது போனவை என்ற கேள்வி மட்டும் அவருக்கு எழவில்லை. சோறு வருகிறதா என்று பார்க்கிறவர்கள் எதில் வருகிறது என்று பார்ப்பதில்லை.

நாற்பத்தைந்தாவது சத்தத்தை எழுதி முடித்த அன்று, பலகை ஓட்டையில் வாய் வந்தது.

"ஐயாவு, ஒனக்கொண்ணு தெரியுமா? தீபாவளிக்கிக் காம்பாருல அண்ணன் வீட்டுக்குப் போகணும்னு நேத்து எங்கிட்டச் சொன்னா."

"நானும் கூடவா?"

"ஒன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல."

ஐயாவு பலகைக்கு இன்னும் நெருங்கி வந்தார்.

"நான் சொல்றதக் கேளு," என்றது ஓட்டை. "கோவம் வந்தா கை எதயாச்சும் எறியும். எறிஞ்சா சத்தம். சத்தத்தக் கேட்டா இன்னும் கோவம். எறிஞ்சாலும் சத்தம் வராத சாமானா வாங்கிப் போடு. கோவம் தன்னால அடங்கிப் போயிரும். இப்பத்தான் எல்லாம் பிளாஸ்டிக்குல வருதே லா!"

ஞாயிற்றுக்கிழமை காளியம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பழைய அலுமினியம், பித்தளை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் கொடுக்கும் சீனக் கிழவரின் வேன் தெருவுக்குள் வந்தது. ஐயாவு இரண்டு கையாலும் அள்ளினார். வாணலி, குண்டான், கேரியர், செம்பு, தட்டுகள், முத்துக்கௌரி அத்தையின் சட்டிகள் பதினொன்று. எல்லாம் வேனுக்குள் போயின. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று பிளாஸ்டிக் கிண்ணங்களும் வாளிகளும் வீட்டுக்குள் வந்தன. சோறு வைக்க ஒரே ஒரு பானை மிச்சம் இருந்தது. அடுப்படி ஒரு பிறந்தநாள் விழா மாதிரி இருந்தது.

காளியம்மா வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கங்க எல்லாம்?"

"குடுத்துட்டேன்! ஒனக்காகத்தான் வாங்கினேன். பாரு, எடையே இல்ல. ஒடையாது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்!"

அவள் ஒரு பச்சைக் கிண்ணத்தை எடுத்தாள். விரலால் தட்டினாள். பொத். ஒரு சிவப்பு வாளியைத் தட்டினாள். பொத். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அதற்கும் சத்தமில்லை.

"காளி... என்ன காளி... கலரு புடிக்கலயா?"

அவள் எதையும் கீழே போடவில்லை. அன்று இல்லை, மறுநாளும் இல்லை. செவ்வாய்க்கிழமை அடுப்படியில் ஒரு கிண்ணம் விழுந்தது. ஐயாவு 'பொத்' என்று எழுதிக்கொண்டு போனார். தவுக்கே தலையாட்டினார். நாற்பத்தாறு. புதன்கிழமை ஒரு வாளி. பொத். வியாழக்கிழமை ஒரு கூடை. அதுவும் பொத்.

"இனி சுடா அடா," என்றார் தவுக்கே. பிறகு, "இனி புன் சுடா அடா!" இதுவும் வந்தாயிற்று.

வெள்ளிக்கிழமை ஐயாவு ஏதும் எழுதவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வேளையில், எதிர்க்கடைப் பக்கம் திரும்பாமல் தொழிற்சாலை வாசலில் நின்று யோசித்தார். காளியம்மா கோபமாக இருந்தபோது வீட்டில் யாரோ இருந்தார்கள். இப்போது யாரும் இல்லை. அந்தச் செம்பு படியில் உருண்டுவந்தபோது தனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதை அவர் அங்கே நின்றபடி கண்டுபிடித்தார். சத்தம் கிடைத்த சந்தோஷம் இல்லை அது. அவள் தன்னிடம் ஏதோ சொல்கிறாள் என்ற சந்தோஷம். என்ன சொன்னாள் என்றுதான் புரியவில்லை.

சனிக்கிழமை காலை தவுக்கேயின் மேசையில் பதினாலு படங்களை வைத்தார். பதினாலிலும் வெள்ளை வட்டம் வெள்ளையாகவே இருந்தது.

"அப்பா இனி?" என்றார் தவுக்கே. என்ன இது?

"முடியாது தவுக்கே. வேற ஆள வெச்சுக்குங்க. நாள்சம்பளம் போதும்." பிறகு, தனக்குத் தெரிந்த மலாயில் சுருக்கமாகக் காரணத்தைச் சொன்னார். "பினி மாரா." பெண்டாட்டிக்குக் கோபம்.

தவுக்கே பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவரும் கல்யாணமானவர். ஐயாவு முகத்தை, கொம்புக்குக் கொம்பு, சுழிக்குச் சுழி பார்த்தார். இந்த உருவத்தை வேறெங்கேயோ, அநேகமாகத் தன் வீட்டுக் கண்ணாடியில், ஏற்கனவே பார்த்திருக்க வேண்டும். படங்களைத் திருப்பி ஐயாவு பக்கமே தள்ளினார்.

"இஸ்னின்," என்றார். திங்கட்கிழமை வரை நேரம். "இப்ப வீட்டுக்குப் போ லா."

வீட்டுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. திறந்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

"காலையிலேயே போயிருச்சுடா," என்றது ஓட்டை. வாய்க்குப் பதில் கண் வந்தது. நனைந்திருந்தது. "பெரிய பை ஒண்ணத் தூக்கிக்கிட்டு. மொகமே சரியில்ல. எங்கடி போறன்னேன். டவுனு வரைக்கிம்னா. டவுனுல என்ன இருக்கு? காம்பாரு பஸ்ஸு இருக்கு."

"பையில துணியெல்லாம் எடுத்துக்கிட்டாளா?"

"எங்க எடுத்தா? காலிப் பை. ஒரு துணி எடுக்கலயே! எவ்ளோ கோவம் இருந்தா ஒரு பொம்பள காலிப் பையோட கெளம்புவா!"

ஐயாவு பஸ் நிலையத்துக்கு ஓடினார். ஓடும்போதே தெரிந்தது, வெறும் கையோடு அர்ச்சுனன் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. என்ன கொண்டு போவது? பூவா? பூவுக்குத்தான் உரல் விழுந்ததே. அவளுடைய சாமான்களை அல்லவா வாரிக் கொடுத்தோம்? ஒன்றையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்து, "காளி, இந்தா, எறி. எவ்ளோ வேணும்னாலும் எறி. நான் எழுத மாட்டேன். பக்கத்துல உக்காந்து சும்மா கேக்கறேன்," என்று சொல்ல வேண்டும்.

சந்தைக்குப் பின்னால், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. பழையது விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். உள்ளே நுழைந்தார். தரையிலிருந்து கூரைவரை அண்டாக்களும் சட்டிகளும் அடுக்கியிருந்தன. நடுவில் வெள்ளைத் தொப்பியோடு ஒரு பெரியவர் ஈயம் பூசிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. என்ன விசேஷம்? எத்தன பேருக்குச் சமையல்?"

"ரெண்டு பேருக்கு, பாய்."

பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சட்டி ஒண்ணு வேணும்," என்றார் ஐயாவு. "எறிஞ்சா நல்லா சத்தம் வரணும்."

கையில் கிடைத்த குண்டானை எடுத்து முட்டியால் தட்டினார். இல்லை. காளியம்மாவின் குண்டான் இப்படிச் சொல்லாது. இன்னொன்றைத் தட்டினார். அதைக் கவிழ்த்தபோது அடியில் 'மு.கௌ.' என்று வெட்டியிருந்தது. பக்கத்தில் இருந்ததைக் கவிழ்த்தார். மு.கௌ. அண்டாவைச் சாய்த்தார். மு.கௌ. நிமிர்ந்து வாசல் பலகையைப் பார்த்தார்.

முகம்மது கௌஸ் வாடகைப் பாத்திரக் கடை.

முத்துக்கௌரி அத்தை அந்த நிமிஷமே காலமானார்.

"பாய்," என்றார் ஐயாவு. குரல் காளியம்மாவின் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது. "இந்தச் சட்டிய... வேற யாராச்சும் வாடகைக்கி எடுக்கறாங்களா? கல்யாணம், கார்த்தி எதுவும் இல்லாம?"

கௌஸ் பாய் ஈயத் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்களும் தட்டித்தான் பாக்கறீங்களா? அப்பன்னா லேட்டு தம்பி, நல்ல சத்தமெல்லாம் காலையிலேயே ஒரு தங்கச்சி பை நெறைய வாரிக்கிட்டுப் போயிருச்சு; ஒரு மாசமா வாரா வாரம் வருது, போன வாரம் எடுத்ததெல்லாம் தொலைஞ்சு போச்சுன்னு அழுதுச்சு, போனாப் போவுது வேற எடுத்துக்கம்மான்னேன்; ஒடனே கண்ணத் தொடச்சுக்கிட்டு, வாயில சுவிங்கத்த மென்னுக்கிட்டே, அந்த ஆட்டுப்படக் காயிதத்தயெல்லாம் மடியில பரப்பி வெச்சு, ஒவ்வொரு சட்டியாத் தட்டித் தட்டி, 'இது ஏற்கனவே வந்துருச்சு பாய், வேற சத்தம் குடுங்க'ங்குது!"